முன்கதையைச் சிறுகச் சிறுக வெளிவிடுவது எப்படி: நாடகம் எழுதுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதிதாக நாடகம் எழுதுகிறவரின் முதல் காட்சியில் பெரும்பாலும் இரண்டு பேர் உட்கார்ந்து, இருவருக்குமே தெரிந்த விஷயங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பார்வையாளருக்குக் குடும்பம் புரிந்துவிடும், நாடகம் மட்டும் தொடங்கியிருக்காது. இன்னொரு வகை எழுத்தாளர் எல்லாவற்றையும் ஒளித்து வைத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் மொத்தமாகக் கொட்டுவார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. முன்கதையை, அதாவது நாடகம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்தவற்றை, பார்வையாளருக்குத் தர வேண்டிய தகவலாக இருவரும் நினைக்கிறார்கள்.

மேடையில் பழைய விஷயம் ஒன்று வெளியே வர வேண்டுமானால், அது இப்போது அங்கே நிற்கும் ஒருவருக்குத் தேவைப்பட வேண்டும். தாக்க, தப்பிக்க, எதையாவது வாங்க, யாரையாவது தடுக்க. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தத் தேவையை உண்டாக்கும் வழிகள். வரிசையை மாற்ற வேண்டாம். முதல் ஐந்து படி முடியும்வரை ஒரு வரி உரையாடல்கூட எழுத வேண்டியதில்லை.

விளக்க வசதிக்காக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துச் செல்வோம். ஒரு வீட்டை விற்கப் போகிறார்கள். வீட்டில் அம்மா, மகள் (அக்கா), இளைய மகன் (தம்பி), அம்மாவின் தங்கை (சித்தி). அப்பா உயிரோடு இல்லை. மூத்த மகன் இருபது வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போனவன்.

1. நடந்தது நடந்தபடி: காலவரிசை

ஒரு தாளில் எல்லாச் சம்பவங்களையும் உண்மையில் நடந்த வரிசையில் எழுதுங்கள். மேடையில் எப்போது தெரியவரும் என்ற யோசனை இங்கே வேண்டாம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் எதிரே, அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்று குறியுங்கள்.

வயதைக் குறிப்பது கணக்குப் பிழையைத் தவிர்க்க மட்டும் இல்லை. ஒருவரால் எதை நினைவில் வைத்திருக்க முடியும் என்பதை வயதுதான் முடிவு செய்கிறது. நம் உதாரணத்தில் மூத்தவன் போன அன்று அவனுக்கு 22, அக்காவுக்கு 17, தம்பிக்கு 9. ஒன்பது வயதுப் பையனுக்குச் சத்தமும் கதவு அடைக்கப்பட்டதும் நினைவிருக்கும். காரணம் தெரிந்திருக்காது. பதினேழு வயதுப் பெண்ணுக்குக் காரணம் தெரியும், அதற்கு அடியில் இருந்தது தெரியாது. இந்த இடைவெளியில்தான் பின்னால் காட்சிகள் முளைக்கும்.

பன்னிரண்டு, பதினைந்து சம்பவங்கள் போதும். அதில் ஐந்தாறுதான் மேடைக்கு வரும். தாத்தா காலத்துச் சண்டை, அப்பாவின் முதல் வேலை என்று நாற்பது சம்பவம் எழுதியவர்கள், உழைப்பு வீணாகக் கூடாதே என்று அத்தனையையும் வசனத்தில் திணிப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

உதாரணத்தின் ஆறு உண்மைகள் இவை:

அ. இந்த வீட்டில் மூத்த மகன் ஒருவன் இருந்தான்.
ஆ. பெட்டியில் இருந்த பணம் காணாமல் போக, அவன்தான் திருடினான் என்று அப்பா அடித்தார். அவன் போய்விட்டான்.
இ. அதற்குப் பிறகு மூன்று வருடம் அவன் கடிதம் எழுதினான்.
ஈ. கடிதங்களை மறைத்தது அம்மா.
உ. பணத்தை எடுத்ததும் அம்மாதான், தன் தங்கைக்குக் கொடுப்பதற்காக.
ஊ. இது மூத்தவனுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் அடி வாங்கினான்.

2. யாருக்கு என்ன தெரியும்: அறிவு அட்டவணை

நேரம் அதிகம் எடுக்க வேண்டிய படி இது. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

இடப்பக்கம் உண்மைகளை வரிசையாக எழுதுங்கள். மேலே பாத்திரங்களின் பெயர்கள், கடைசியாகப் ‘பார்வையாளர்’ என்று ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒன்றை நிரப்புங்கள்: தெரியும், தெரியாது, சந்தேகம், தவறாகத் தெரியும்.

உதாரணத்தை நிரப்பினால் இப்படி வரும். மூத்தவன் இருந்தான் என்பது மேடையில் உள்ள எல்லோருக்கும் தெரியும், பார்வையாளருக்கு மட்டும் தெரியாது. திருட்டுப் பழி அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியும். தம்பிக்குத் தவறாகத் தெரியும்: அண்ணன் நம்மை மதிக்காமல் தானாகப் போனான் என்று நினைக்கிறான். சித்திக்கும் தவறாகவே தெரியும்: அப்பாவோடு ஏதோ வாக்குவாதம், கோபத்தில் போனான் என்று. கடிதம் வந்தது அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குச் சந்தேகம். பணத்தைப் பெற்றுக்கொண்ட சித்திக்கு அது அம்மாவின் சொந்தச் சேமிப்பு என்று எண்ணம். அந்தப் பணத்துக்காக ஒரு பையன் பழி சுமந்தான் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அட்டவணை நிரம்பியதும் வரிசை வரிசையாகப் படியுங்கள்.

மேடையில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையைச் சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. அதை விளக்கமாகச் சொல்ல வைத்தால் செயற்கையாக ஒலிக்கும். சண்டையிலோ, ஒரு பொருளின் வழியாகவோ, வெளியாள் ஒருவரின் கேள்வியாலோதான் அது வெளிவர முடியும்.

மேடையில் யாருக்கும் தெரியாத உண்மைக்குக் கடிதமோ பத்திரமோ புதிதாக வருகிற ஆளோ வேண்டும். இப்படிப்பட்டவை இரண்டுக்கு மேல் இருந்தால் நாடகம் தபால்காரரை நம்பி ஓடும்.

ஒருவருக்குத் தெரிந்து, அதே அறையில் இன்னொருவருக்குத் தவறாகத் தெரிந்திருக்கும் வரிசைதான் பொன்னானது. அதுவும் தவறாகத் தெரிந்தவர் குற்றமற்றவராக இருந்தால் இன்னும் நல்லது. நம் உதாரணத்தில் சித்தி அப்படிப்பட்டவள். மறைக்க அவளிடம் எதுவும் இல்லை, அதனால் எப்போது வேண்டுமானாலும் வாய் திறப்பாள். அவள் அறைக்குள் வந்தாலே அம்மாவுக்குப் பயம். காட்சி தானாக நடக்கும்.

அட்டவணையின் கடைசியில் இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். இத்தனை வருடம் ஏன் யாரும் சொல்லவில்லை? இன்றைக்கு ஏன் சொல்ல வேண்டியதாகிறது? முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பார்வையாளர் ‘அப்போதே சொல்லியிருக்கலாமே’ என்பார். இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. தொடக்கப் புள்ளியும் தூண்டுகோலும்

நாடகம் எவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறதோ அவ்வளவு முன்கதை சேரும். குடும்ப வரலாற்றை அவிழ்க்கும் நாடகத்துக்கு அது பலம். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் ‘ஈடிப்பஸ்’ தொடங்கும்போது, ஈடிப்பஸ் தன் அப்பாவான பழைய மன்னனை யாரென்று தெரியாமல் கொன்றதும், தன் தாயையே அறியாமல் மணந்ததும் முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நகரத்தைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. பழைய மன்னனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் அது நீங்கும் என்ற நிலை. பழைய உண்மை ஆர்வத்துக்காகத் தேடப்படவில்லை, நோய் தீர்வதற்காகத் தேடப்படுகிறது.

உங்கள் நாடகத்திலும் அப்படி ஒரு நிகழ்காலக் காரியம் வேண்டும், அதுதான் தூண்டுகோல். முன்கதையைத் தொடாமல் அதை முடிக்க முடியாது என்ற நிலையும் வேண்டும். உதாரணத்தில் வீட்டை விற்க வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளே இல்லாத மகனை வீட்டுக்குள் இழுத்துவருகிறது.

பழைய புகைப்படத் தொகுப்பைச் சும்மா புரட்டுவது, பிறந்தநாளுக்கு எல்லோரும் கூடுவது போன்றவை பலவீனமான தூண்டுகோல்கள். நினைவுகளைக் கிளறுவதோடு நின்றுவிடும், யாரையும் எதையும் முடிவு செய்யச் சொல்லாது. கூடுவதே காரியமாக இருந்தால், அந்தக் கூட்டத்தில் எதையாவது தீர்மானித்தாக வேண்டும், அதற்கு ஒரு கெடுவும் இருக்க வேண்டும்.

4. வெளிப்பாடுகளின் வரிசை

ஒவ்வொரு உண்மைக்கும் ஒரு அட்டை. அதில் நான்கு வரி:

- வெளிவரும் உண்மை.
- அதுவரை பார்வையாளர் நம்பியது.
- இனி நம்பப் போவது.
- உடனே எழும் புதுக் கேள்வி.

நான்காவது வரி காலியாக இருந்தால் அந்த அட்டை தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது அந்த உண்மையே தேவையில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது வெறும் கூடுதல் தகவல். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

கடிதம் பற்றிய அட்டையைப் பாருங்கள். ‘கடிதம் வந்தது’, ‘மறைத்தது அம்மா’ இரண்டையும் ஒரே அட்டையில் எழுதத் தோன்றும். பிரித்தால் நடுவில் ஒரு தவறான நம்பிக்கைக்கு இடம் கிடைக்கிறது: அப்பாதான் மறைத்திருப்பார். இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார். அம்மாவும் திருத்த மாட்டாள். அந்த மௌனத்தைப் பார்வையாளர் துக்கம் என்று எடுத்துக்கொள்வார். பிறகு உண்மை தெரியும்போது, மௌனமும் சேர்ந்து அர்த்தம் மாறும். ஒரு வெளிப்பாடு அதற்கு முன் பார்த்த காட்சி ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். முன்னால் போனதைத் தொடாமல் மேலே இன்னொன்றை அடுக்குகிற வெளிப்பாடு எவ்வளவு அதிர்ச்சியானதாக இருந்தாலும் சீக்கிரம் சலித்துவிடும்.

இரண்டு மணி நேர நாடகத்துக்கு ஐந்து முதல் ஏழு பெரிய வெளிப்பாடு தாங்கும். உதாரணத்தின் ஆறையும் இப்படி வைக்கலாம். 8ஆவது நிமிடத்தில், மூன்றாவதாக ஒரு பிள்ளை உண்டு என்பது. 35இல் திருட்டுப் பழி. 60இல், இடைவேளைக்குச் சற்று முன், கடிதம். 80இல் சித்தி வாய் தவறிச் சொல்லும் பணம். 95இல் அம்மா மறைத்தது. 104இல் கடைசிக் கடிதம், அவனுக்கு அன்றைக்கே தெரியும் என்பது. வரிசை ‘அ, ஆ, இ, உ, ஈ, ஊ’ என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். பணம் முதலில் தெரிந்தால்தான் கடிதத்தை ஏன் மறைத்தாள் என்பதற்கு விளக்கமே தேவைப்படாது: அவன் திரும்பி வந்தால் உண்மையும் கூடவே வரும்.

இடைவெளிகள் 27, 25, 20, 15, 9 நிமிடம் என்று குறுகுவதும் தற்செயல் இல்லை. முதல் பாதியில் பார்வையாளர் ஆட்களைப் பழக வேண்டும். இரண்டாம் பாதியில் பழகியாயிற்று, தாமதம் எரிச்சல் தரும். இந்த எண்களை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை, குறுகும் போக்கை விடாதீர்கள்.

கடைசி வெளிப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடமாவது வைத்திருங்கள். உண்மை தெரிந்த பிறகு இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழிக்கப் போகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா கையெழுத்துப் போடுவாளா? வீடு விற்கப்படுமா? இதைக் காட்டாமல் திரை போட்டால் புதிருக்கு விடை கிடைக்கும், நாடகம் கிடைக்காது.

5. பார்வையாளர் முன்னாலா, பின்னாலா

ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் ஒரு முடிவை எழுதுங்கள். இந்த உண்மை பாத்திரத்துக்குத் தெரிவதற்கு முன்பே பார்வையாளருக்குத் தெரியலாமா, கூடவே தெரிய வேண்டுமா, பின்னால் தெரிய வேண்டுமா?

எல்லாவற்றையும் பார்வையாளரிடமிருந்து ஒளிப்பது புதியவர்களின் இயல்பு. முன்கூட்டியே சொல்லிவிடுவது பல நேரம் அதிக வேலை செய்யும். இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் நோரா கணவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கியதும், அதற்காகத் தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டதும் முதல் அங்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. கணவனுக்குத் தெரிவது மூன்றாம் அங்கத்தில். ‘என்ன ரகசியம்’ என்ற கேள்வி அங்கே இல்லை. ‘தெரிந்தால் என்ன செய்வான்’ என்ற கேள்விதான் மூன்று அங்கத்தையும் தாங்குகிறது.

சிறிய விதி ஒன்று. ரகசியத்தின் உள்ளடக்கத்தைவிட அது வெளிவருவதால் வரும் இழப்பு பெரியதாக இருந்தால் முன்னால் சொல்லுங்கள். உள்ளடக்கமே முந்தைய காட்சிகளின் அர்த்தத்தை மாற்றுமானால் பின்னால் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரு பாத்திரம் மேடையில் தனியாக இருக்கும்போது, அதன் மனதில் நிச்சயம் ஓடக்கூடிய ஒன்றை எழுத்தாளர் வசதிக்காக மறைத்தால் அது ஏமாற்று. அம்மா தனியாக இருக்கும் காட்சியில் அவள் கடிதப் பெட்டியைத் தொடவே இல்லையென்றால், பின்னால் யோசிக்கும் பார்வையாளருக்குக் கோபம் வரும். தொடட்டும். என்ன பெட்டி என்று நமக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

6. வெளிவரும் வழிகள்

இப்போதுதான் உரையாடல். அதே விஷயத்தை இரண்டு விதமாகப் பாருங்கள். முதலில் தவறானது:

அக்கா: உனக்கு நினைவிருக்கா தம்பி? இருபது வருஷத்துக்கு முன்னாடி நம்ம அண்ணன் வீட்டை விட்டுப் போனப்ப உனக்கு ஒன்பது வயசு.
தம்பி: ஆமாக்கா. அன்னையிலிருந்து எனக்கு அவன் மேல கோபம்தான்.

இனி இப்படி:

அக்கா: பிள்ளைங்க மூணு பேரும் கையெழுத்துப் போடணும்னு இருக்கு.
தம்பி: ரெண்டுன்னு திருத்தச் சொல்லு.
(அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.)
அக்கா: திருத்த முடியாதுடா.
தம்பி: அப்ப விற்க வேண்டாம்.

வயதும் வருடமும் இங்கே வரவில்லை. மூன்றாவது ஒருவன் உண்டு, தம்பி அவனைக் கணக்கில் சேர்க்கத் தயாராக இல்லை, அம்மாவால் பேச முடியவில்லை, இதனால் வீடு விற்பது நிற்கலாம் என்பதெல்லாம் வந்துவிட்டன. தம்பிக்குத் தேவையானது அண்ணன் பெயரைத் தாளிலிருந்து நீக்குவது. தகவல் அந்தத் தேவையின் துணைவிளைவாக வெளியே வந்தது.

நம்பிப் பயன்படுத்தக்கூடிய வழிகள் சில:

சண்டை. எல்லோருக்கும் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லச் சண்டையைவிட இயல்பான இடம் இல்லை. காயப்படுத்த வேண்டியிருக்கும்போது பழையதை எடுப்பது மனித குணம். ஆனால் சண்டை வேறொன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். வீட்டு விலையைப் பற்றித் தகராறு செய்யும்போது, ‘உன்னை யாரும் பெல்ட்டால அடிக்கல’ என்று அக்கா சொல்லிவிடட்டும்.

வாய்தவறுதல். ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ (1947) நாடகத்தில், குறைபாடுள்ள விமானப் பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்ட அன்று தனக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை என்பதுதான் தொழிற்சாலை முதலாளி ஜோ கெல்லரின் பாதுகாப்பு. அவர் பதினைந்து வருடமாக நோயென்று படுத்ததே இல்லை என்று அவர் மனைவி சாதாரணப் பேச்சில் சொல்லிவிடுகிறாள். நட்பான, தளர்ந்த ஒரு நேரத்தில் அது வருகிறது. எச்சரிக்கை குறைந்திருக்கும்போதுதான் வாய் தவறும் என்பதால், இறுக்கமான காட்சியில் இதை வைத்தால் நம்பும்படி இருக்காது. சித்தியும் அப்படித்தான். நன்றி சொல்லும் ஒரு இதமான தருணத்தில், ‘அந்த வருஷம் அக்கா அந்தப் பணத்தைத் தராம இருந்திருந்தா...’ என்று தொடங்கட்டும் (அவள் சொல்லும் ‘அக்கா’ நம் உதாரணத்தின் அம்மா). மகள் மனதுக்குள் மாதத்தைக் கணக்குப் போடுவாள். நாமும் கூடவே போடுவோம்.

வெளியாள். வீடு வாங்க வந்தவர், புது மருமகள், வழக்கறிஞர் என்று கேள்வி கேட்கும் உரிமை உள்ள ஒருவர் உதவுவார். கேட்பதற்கு அவருக்குச் சொந்தக் காரணம் இருக்கட்டும். எழுத்தாளரின் பிரதிநிதியாக வந்து நின்று கேட்கும் வெளியாளைப் பார்வையாளர் உடனே அடையாளம் கண்டுவிடுவார். இரண்டு கேள்விக்கு ஒன்றுக்காவது பொய்யான அல்லது மழுப்பலான பதில் கிடைக்கட்டும்.

பொருள். பெட்டி, சாவி, சுவரில் படம் இருந்த இடத்துக் கறை. பின்வரிசையிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவில் இருக்க வேண்டும். புகைப்படத்தில் இருப்பது யார் என்று மேடையில் தெரியாது, அது இல்லாத சுவர்ச் சதுரம் தெரியும்.

அழைப்பு. தமிழில் எழுதுகிறவருக்குக் கூடுதலாகக் கிடைத்த வசதி இது. ஒரு ‘சித்தி’யோ ‘அத்தை’யோ உறவு முழுவதையும் ஒரே சொல்லில் சொல்லிவிடும், தனி விளக்கம் வேண்டாம். நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வரியில் நீ என்று இறங்கினால் பழைய நெருக்கமோ பழைய பகையோ தெரிந்துவிடும். ஒருவர் பெயரை அம்மா ஒருமுறைகூடச் சொல்லாமல் நாடகம் முழுக்க ‘அவன்’ என்றே சொல்லிவிட்டு, கடைசிக் கடிதத்தின்போது மட்டும் பெயரைச் சொல்லலாம்.

7. பொய்களை முதலில் எழுதுங்கள்

முதல் முறை வெளிவரும் பதிப்பு பெரும்பாலும் உண்மையாக இருக்கக் கூடாது. மூத்தவன் போன இரவை அம்மா, அக்கா, தம்பி மூவரும் சொல்வதாக ஆளுக்கு அரைப்பக்கம் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நாடகத்தில் இவை வராது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எங்கே முரண்படுகின்றன என்று தெரியும். அந்த முரண்களில் சின்னதாக ஒன்றைப் பொறுக்குங்கள். இரவில் போனான் என்கிறாள் அம்மா. காலையில் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது என்கிறான் தம்பி. அப்படியானால் அவனை வெளியே விட்டு யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

பொய் சொல்கிறவர் எதையோ காப்பாற்றச் சொல்கிறார். அது என்ன என்று தெரியாமல் பொய்யை எழுதினால், பிடிபடும்போது அவர் வெறும் கெட்டவராகத் தெரிவார்.

ஒவ்வொரு பெரிய உண்மைக்கும் முன்னால் இரண்டு இடத்தில் விதை, அதாவது அதைப் பற்றிய சின்னக் குறிப்பு, வேண்டும். ஒருமுறை மட்டும் சொன்னால் பார்வையாளருக்குப் பிறகு நினைவுக்கு வராது, மூன்று முறைக்கு மேல் சொன்னால் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். விதையைக் காட்சியின் கடைசி வரியில் வைக்காதீர்கள், அங்கே வருவது எல்லாமே முக்கியமாக ஒலிக்கும். வேறு எதிலோ கவனம் இருக்கும் இடத்தில், வரியின் நடுவில் வையுங்கள்.

8. நீண்ட பேச்சும் பின்னோக்குக் காட்சியும்

ஒரு பாத்திரம் நின்று பழைய கதையை முழுதாகச் சொல்வது தவறில்லை. நாடகத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதுவும் பார்வையாளர் அதற்காக ஏங்கத் தொடங்கிய பிறகு. கேட்பவர் அதைக் கேட்க விரும்பாதவராக இருந்தால் பேச்சுக்கு எதிர்விசை கிடைக்கும். சொல்லி முடிக்கும்போது சொன்னவர் எதையாவது இழந்திருக்க வேண்டும். சத்தமாகப் படித்துப் பார்த்து மூன்று நிமிடத்தைத் தாண்டினால் குறுக்கே ஒருவரைப் பேச விடுங்கள்.

பின்னோக்குக் காட்சியை (பழைய சம்பவத்தை மேடையில் நடித்துக் காட்டுவதை) முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. மேடையில் நேரில் காட்டியதைப் பார்வையாளர் உண்மை என்று எடுத்துக்கொள்வார், பிறகு யாருடைய பொய்க்கும் இடம் இல்லாமல் போகும். ஒருவர் நினைவில் மட்டும் நடந்ததாக, தவறுகளோடு காட்டத் துணிந்தால் பயன்படுத்தலாம்.

9. திருத்தம்: இரண்டு வண்ணம்

முதல் பிரதியை அச்சிட்டு இரண்டு வண்ணப் பென்சில் எடுங்கள். கடந்த காலத்தைப் பற்றிய வரிகளை நீலத்தில், இப்போது ஒருவர் இன்னொருவரிடம் எதையாவது பெற முயலும் வரிகளைச் சிவப்பில் கோடிடுங்கள். இரண்டும் சேர்ந்த வரிக்கு இரண்டு கோடும் போடலாம். அரைப்பக்கத்துக்கு மேல் நீலம் மட்டும் ஓடினால் அங்கே நாடகம் நின்றுபோயிருக்கிறது. நீலத்தைக் குறைக்கும் முன் அந்த இடத்தில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பல சமயம் வரிகள் சரியாக இருக்கும், தேவைதான் விட்டுப்போயிருக்கும்.

அடுத்து ‘நினைவிருக்கிறதா’, ‘உனக்குத்தான் தெரியுமே’, ‘அன்றைக்கு மட்டும்’ போன்ற சொற்களைத் தேடுங்கள். முக்கால்வாசி இடங்களில் எழுத்தாளர் பார்வையாளரிடம் பேசிக்கொண்டிருப்பார். முழு வாக்கியத்தையும் எடுத்துவிட்டுப் படித்தால் இழப்பு தெரியாது.

பிறகு முதல் ஐந்து பக்கத்தை மூடிவைத்து ஆறாவது பக்கத்திலிருந்து படியுங்கள். நாடகம் அங்கிருந்தே புரிந்தால், அங்கேயே தொடங்குங்கள்.

காட்சிகளை இடம் மாற்றினால் மறக்காமல் அறிவு அட்டவணைக்குத் திரும்புங்கள். மாற்றிய பிறகு, இன்னும் தனக்குத் தெரியாத ஒன்றுக்குத் தம்பி கோபப்பட்டுக்கொண்டிருப்பான். எழுதியவர் கண்ணுக்கு இந்தப் பிழை படாது, நடிகருக்கு முதல் ஒத்திகையிலேயே பட்டுவிடும்.

10. வாசிப்புச் சோதனை

கதை தெரியாத நான்கைந்து பேரைக் கேட்க வைத்து, வேறு சிலரை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்க வேண்டாம், உங்கள் குரல் எது முக்கியம் என்று காட்டிக்கொடுக்கும். மேடைக் குறிப்புகளையும் ஒருவர் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியும் கண்ணாடியும் யாருக்கும் தெரியாது.

இடைவேளை வரும் இடத்தில் நிறுத்தி, பேசவிடாமல் தாளில் மூன்று கேள்விக்குப் பதில் வாங்குங்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? பழைய நாளில் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? இப்போது என்ன தெரிய வேண்டும்? ‘பிடித்ததா’ என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் திருத்த உதவும் பதில் கிடைக்காது.

உறவில் குழப்பம் இருந்தால் முதல் காட்சியில் ஒரு அழைப்புச் சொல் போதுமா என்று பாருங்கள். இரண்டாம் கேள்விக்கு எல்லோரும் சரியான விடை எழுதியிருந்தால் விதைகள் கனமாக இருக்கின்றன, ஒன்றை எடுத்துவிடலாம். எல்லோரும் வெவ்வேறு பதில் எழுதியிருந்தால் விதை போதவில்லை. பெரும்பாலோர் ‘அப்பாதான் கடிதத்தை மறைத்திருப்பார்’ என்று எழுதியிருந்தால் எதையும் தொடாதீர்கள். மூன்றாம் கேள்விக்கு ‘வீட்டை விற்றார்களா’ என்று மட்டும் பதில் வந்தால், மூத்தவன் அவர்களுக்கு இன்னும் ஆளாகவில்லை. 8ஆவது நிமிடத்துக்கும் 35க்கும் நடுவில் அவனைப் பற்றி இழிவில்லாத ஒரு சின்ன விஷயத்தைத் தம்பியே, தன்னை அறியாமல், சொல்லும்படி செய்யுங்கள்.

முழு வாசிப்பும் முடிந்த பின், எந்த இடத்தில் முதலில் சந்தேகம் வந்தது என்று பக்கத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் காட்டும் பக்கம் நீங்கள் விதைத்த பக்கமாக இல்லாமல் போவது சகஜம். அப்போது விளக்க வசனம் சேர்க்க வேண்டாம். அவர்கள் காட்டிய பக்கத்துக்கு விதையை நகர்த்திவிட்டு, வேறு நான்கு பேர் கேட்க மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.